வரைகலை அட்டை வாங்கும் முன்: விலைச் சீட்டுக்கு அப்பால் ஒரு கணக்கு

மைசூரு நகருக்கு விளையாட்டு புதிதன்று. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் பலகை விளையாட்டுகளிலும் கஞ்சிபா சீட்டாட்டத்திலும் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். அவர் காலத்தில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலின் ஒரு பகுதியே இத்தகைய விளையாட்டுகளைப் பற்றியது. இன்று அதே நகரின் இல்லங்களில் விளையாட்டு கணினித் திரைக்கு இடம் மாறியிருக்கிறது. தேர்வு முடிந்த மகனோ, வேலையில் சேர்ந்த மகளோ, ஓய்வுபெற்ற குடும்பத் தலைவரோ, மாலையில் ஓரிரு மணி நேரம் கணினியில் விளையாட விரும்புகின்றனர். அப்போது எழும் முதற் கேள்வி, கடைகளில் கிராபிக்ஸ் கார்டு என வழங்கும் வரைகலை அட்டை ஒன்றை வாங்க வேண்டுமா, வாங்கினால் எவ்வளவு செலவிடலாம் என்பதாகும்.

போட்டிகளில் பங்கேற்பவர்களின் தேவை வேறு; பொழுதுபோக்காக விளையாடுபவர்களின் தேவை வேறு. இக்கட்டுரை இரண்டாம் வகையினருக்கானது. இத்தகையோர் பலர் முதலில் அட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பின்னர் அதற்கேற்ப எஸ்.எம்.பி.எஸ்., திரை, யூபிஎஸ் என ஒவ்வொன்றாக மாற்ற நேர்கிறது. 20,000 ரூபாயில் முடிய வேண்டிய செலவு 40,000 ரூபாயாக வளர்வது இவ்வாறுதான். வரிசையை மாற்றிக்கொண்டால் இச்செலவைத் தவிர்க்கலாம். விளையாட்டு, திரை, கணினி ஆகிய மூன்றையும் முதலில் ஆராய்ந்து, அட்டையை இறுதியில் தேர்ந்தெடுப்பதே முறை.

அட்டை செய்யும் பணி

கணினித் திரையில் நாம் காணும் காட்சி, சிறு புள்ளிகளால் ஆனது. பெரும்பாலான வீடுகளில் உள்ள 1920 × 1080 அளவுத் திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. விளையாட்டில் காட்சி தடையின்றி நகர, ஒரு நொடிக்கு 60 முறை இப்புள்ளிகள் அனைத்தின் நிறத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு முறை வரையப்படும் முழுக் காட்சியை ஃபிரேம் என்பர். 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி மட்டுமே. இக்கணக்கைச் செய்து முடிப்பதே வரைகலை அட்டையின் பணி.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். 4கே எனப்படும் திரையில் புள்ளிகள் நான்கு மடங்கு. எனவே அட்டையின் சுமையும் பெருகுகிறது. 1080 அளவுத் திரையை வைத்திருப்பவர் 4கே திரைக்கென விற்கப்படும் அட்டையை வாங்குவது, இருவர் வாழும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவதைப் போன்றது.

அட்டை தேவைதானா?

பல பிராசஸர்களுக்குள்ளேயே வரைகலைப் பிரிவு ஒன்று அமைந்திருக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி, 2024ஆம் ஆண்டில் வந்த ரைசன் 5 8600ஜி போன்றவை, எளிய விளையாட்டுகளைத் தனி அட்டையின்றியே இயக்கவல்லவை. இண்டெல் பிராசஸர்களில் பெயரின் இறுதியில் எஃப் என்னும் எழுத்து இருந்தால் மட்டும் உள்ளமைந்த வரைகலைப் பிரிவு இராது. அத்தகைய கணினிக்குத் தனி அட்டை கட்டாயம்.

உள்ளமைந்த வரைகலைப் பிரிவு, கணினியின் ரேம் நினைவகத்தையே தனக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரே ஒரு ரேம் பலகை பொருத்தப்பட்ட கணினியில், தகவல் ஒரு வழியாக மட்டுமே செல்லும். அதே அளவு கொண்ட இரண்டாவது பலகையைச் சேர்த்தால் இரு வழிகளும் திறக்கின்றன. விளையாட்டின் வேகம் கண்கூடாக உயர்கிறது. எனவே அட்டை வாங்குவதற்கு முன் கணினியைத் திறந்து, ரேம் பலகை ஒன்றா இரண்டா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு இச்சிறு செலவே போதுமானதாக இருக்கும்.

மடிக்கணினி வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மேசைக்கணினியில் செய்வதுபோல மடிக்கணினியில் வரைகலை அட்டையைப் பின்னர் பொருத்த இயலாது.

விளையாட்டுகளைப் பட்டியலிடுக

உண்மையில் விளையாட விரும்பும் ஐந்து விளையாட்டுகளின் பெயர்களைத் தாளில் எழுதுக. ஒவ்வொன்றின் தயாரிப்பாளரும் குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை என இரண்டை வெளியிடுகின்றனர். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி பெரிது.

2020ஆம் ஆண்டில் வெளிவந்த வேலரண்ட் விளையாட்டு, இண்டெல் எச்டி 4000 என்னும் பழைய உள்ளமைந்த வரைகலையிலேயே இயங்கும் என அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 விளையாட்டுக்கு 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 660 அட்டை பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் 2024 டிசம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டோ, ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதியுள்ள அட்டை இல்லாமல் தொடங்கவே தொடங்காது. அதன் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அட்டை. பட்டியலில் முதல் வகை விளையாட்டுகள் மட்டும் இருந்தால் செலவு மிகக் குறைவு. மூன்றாம் வகை ஒன்று இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

கணினி இடங்கொடுக்குமா?

அட்டையைப் பொருத்தும் முன் நான்கு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, மின்சாரம். கணினியின் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் அதன் வாட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அலுவலகங்களிலிருந்து வந்து மறுவிற்பனையாகும் சிறிய கணினிகளில் இவ்வளவு பெரும்பாலும் 180 முதல் 300 வாட் வரைதான். மதர்போர்டின் செருகுமிடம் அட்டைக்கு 75 வாட் வரை வழங்கும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைக்கு எஸ்.எம்.பி.எஸ்.இலிருந்து தனிக் கம்பி வேண்டும். அக்கம்பி இல்லாத கணினியில், இணைப்பு மாற்றிகளைக் கொண்டு எப்படியாவது பொருத்திவிடலாம் எனக் கடைக்காரர் கூறினால் ஏற்கலாகாது. தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது, அட்டையையும் மதர்போர்டையும் உடன் கெடுத்துவிடக்கூடும்.

இரண்டாவது, இடம். பெட்டிக்குள் இருக்கும் நீளத்தை அளவுகோலால் அளந்து, அட்டையின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். மெலிந்த பெட்டிகளுக்கு உயரம் குறைந்த லோ புரொஃபைல் அட்டைகள் மட்டுமே பொருந்தும்.

மூன்றாவது, மதர்போர்டின் தலைமுறை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 போன்ற அட்டைகள் நான்கு தகவல் தடங்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 தலைமுறைக் கணினிகளில் அவற்றின் வேகம் கணிசமாகக் குறைகிறது. இண்டெல் ஆர்க் அட்டைகளுக்கு ரீசைசபிள் பார் என்னும் வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும். அது இல்லாத பழைய கணினிகளில் அவை தம் முழுத் திறனைக் காட்டுவதில்லை.

நான்காவது, யூபிஎஸ். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் சுமையையே தாங்கும். கணினி, திரை, புதிய அட்டை ஆகியவற்றின் சுமை இதை நெருங்கினால், மின்தடை நேரும் கணத்தில் யூபிஎஸ் கைவிட்டுவிடும்.

கடையில் காணப்படும் அட்டைகள்

மிகக் குறைந்த விலையில் காணப்படும் ஜிடி 710, ஜிடி 730 அட்டைகள் பத்தாண்டுப் பழமை வாய்ந்த வடிவமைப்புகள். 4 ஜிபி என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அந்நினைவகம் பெரும்பாலும் டிடிஆர்3 என்னும் மெதுவான வகையைச் சார்ந்தது. நினைவகத்தின் அளவு மட்டுமே அட்டையின் திறனாகாது. சிறிய குழாய் பொருத்திய பெரிய தொட்டியைப் போன்றது இது. இரண்டாவது திரை ஒன்றை இணைக்க இவை உதவலாம். விளையாட்டுக்கு இவற்றை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1060 ஆகியவை ஒரு காலத்தில் நடுத்தர வீடுகளின் விருப்பமாக இருந்தவை. இத்தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மென்பொருள் மேம்பாட்டை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். ஏற்கெனவே வைத்திருப்போர் தொடர்ந்து பயன்படுத்தலாம். புதிதாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தனி மின்கம்பி இல்லாத பழைய கணினிக்கு, 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 அட்டையின் 6 ஜிபி வடிவம் பொருந்தும். இது 70 வாட் மின்சாரத்தில் இயங்குகிறது. இதே பெயரில் 2022ஆம் ஆண்டில் வந்த 8 ஜிபி வடிவத்துக்கு 130 வாட் தேவை; வேகமும் அதிகம். பெயர் ஒன்றாயினும் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதால், பெட்டியில் நினைவக அளவைப் படித்துப் பார்க்காமல் பணம் செலுத்தக் கூடாது.

450 வாட் அளவுள்ள தரமான எஸ்.எம்.பி.எஸ். இருப்பின் தேர்வு விரிவடைகிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 அட்டை 2021இல் வந்ததாயினும், 8 ஜிபி நினைவகமும் 132 வாட் தேவையும் கொண்டு 1080 திரைக்கு இன்றும் தகுதியானது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050 அட்டைக்கு 130 வாட் தேவை. ஆர்டிஎக்ஸ் 5060 அட்டைக்கு 145 வாட். இவற்றின் அமெரிக்க அறிமுக விலை முறையே 249, 299 டாலர். இண்டெல்லின் ஆர்க் பி580, 2024 டிசம்பரில் 249 டாலர் அறிமுக விலையில் 12 ஜிபி நினைவகத்தோடு வந்தது. ஆயினும் அதற்கு 190 வாட் தேவைப்படுவதால், எஸ்.எம்.பி.எஸ். திறனைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய விளையாட்டுகளும் பட்டியலில் உள்ளன என்றால், 8 ஜிபிக்குக் குறைந்த நினைவகத்தைத் தவிர்ப்பது நன்று.

ஒரு ஃபிரேமுக்கு எத்தனை ரூபாய்?

விலைகள் வாரந்தோறும் மாறுகின்றன. எனவே ஒரு நாளின் விலையைக் காட்டிலும், என்றும் பயன்படும் கணக்கு முறையே உதவும். நீங்கள் விரும்பும் விளையாட்டில் ஓர் அட்டை நொடிக்குச் சராசரியாக எத்தனை ஃபிரேம் தருகிறது என்பதைப் பல ஆய்வாளர்கள் சோதித்து வெளியிடுகின்றனர். அட்டையின் விலையை அவ்வெண்ணால் வகுத்தால் ஒரு ஃபிரேமின் விலை கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 18,000 ரூபாய் அட்டை 45 ஃபிரேம் தருகிறது எனக் கொள்வோம்; ஒரு ஃபிரேமின் விலை 400 ரூபாய். 24,000 ரூபாய் அட்டை 80 ஃபிரேம் தருமானால், ஒரு ஃபிரேம் 300 ரூபாய். விலை கூடிய அட்டையே சிக்கனமானது போலத் தோன்றும். ஆனால் உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் வகையைச் சார்ந்ததாயின், அது நொடிக்கு 60 காட்சிகளை மட்டுமே காட்டும். எஞ்சிய 20 ஃபிரேம்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. 24,000 ரூபாயை 60ஆல் வகுத்தால் மீண்டும் 400 ரூபாய். இரு அட்டைகளும் இக்கணக்கில் சமமாகிவிடுகின்றன. இப்போது கேட்க வேண்டியது, 45க்கும் 60க்கும் இடையிலுள்ள வேறுபாடு உங்களுக்கு 6,000 ரூபாய் பெறுமா என்பது மட்டுமே. விளையாட்டின் காட்சித் தரத்தை ஒரு படி குறைத்தாலே முதல் அட்டையும் 60 ஃபிரேமை எட்டக்கூடும். வேகப் போட்டி விளையாட்டுகளை 144 ஹெர்ட்ஸ் திரையில் ஆடுபவருக்கு விடை வேறாக அமையும்.

எங்கே, எவ்வாறு வாங்குவது?

மைசூரு வாசிகளுக்கு உள்ளூர்க் கடை, பெங்களூரு எஸ்.பி. சாலை, இணைய விற்பனைத் தளம் என மூன்று வழிகள் உள்ளன. பெங்களூருவில் விலை சற்றுக் குறைந்தாலும், பயணச் செலவையும் ஒரு நாள் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளூர்க் கடைக்காரர் அட்டையைப் பொருத்தி இயக்கிக் காட்டுவார் என்பது மதிப்புள்ள உதவியே.

எங்கு வாங்கினாலும் ஜிஎஸ்டி பதிவெண்ணுடன் கூடிய ரசீது கட்டாயம். இப்பொருள்களுக்கு 18 விழுக்காடு வரி உண்டு. ரசீது வேண்டாமெனில் விலையைக் குறைக்கிறேன் என்னும் பேச்சுக்கு இணங்கினால், நீங்கள் இழப்பது உத்தரவாதத்தை. பெரும்பாலான அட்டைகளுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. அட்டையின் வரிசை எண் ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழுது நேரின் சேவை மையம் மைசூருவிலேயே உள்ளதா, பெங்களூருவுக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றை முன்கூட்டியே கேட்டறிக. இணையத்தில் வாங்குவோர், பொதியைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் முடிவு வரை கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்துகொள்வது நல்லது. விற்பனையாளர் குறையைத் தீர்க்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அணுகலாம்.

பழைய அட்டைகளில் எச்சரிக்கை

2020 முதல் 2022 வரை எத்தீரியம் என்னும் மின்நாணயத்தை ஈட்டப் பலர் வரைகலை அட்டைகளை இரவும் பகலும் இயக்கினர். 2022 செப்டம்பரில் அந்நாணயத்தின் முறை மாறியதும், அவ்வட்டைகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவை அனைத்தும் கெட்டவை என்று கூறவியலாது. ஆயினும் விசிறி தேய்ந்தும் வெப்பப் பசை உலர்ந்தும் இருக்கக்கூடும்.

மிகப் பழைய அட்டையின் உள்மென்பொருளை மாற்றி, அதை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ எனக் கணினிக்குக் காட்டும் மோசடியும் உண்டு. ஜிபியூ-இசட் என்னும் இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டறிந்து, பெயருக்கு முன் போலி எனக் குறித்துக் காட்டும். பழைய அட்டையை வாங்குவதாயின் நேரில் சென்று, அரை மணி நேரமாவது ஒரு விளையாட்டை இயக்கிப் பார்த்த பின்னரே பணம் தருக. முன்பணம் அனுப்பினால் கூரியரில் வரும் என்போரிடம் எச்சரிக்கை தேவை. உங்கள் பழைய அட்டையை விற்கும்போது, பணம் பெறுவதற்காக யூபிஐ பின் எண்ணை இடுமாறு எவரேனும் கூறினால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவைப்படுவதில்லை. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைப்பதோடு, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

தவணையின் உண்மை விலை

வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரம் பலரை ஈர்க்கிறது. பூச்சிய விழுக்காட்டு வட்டி என்பதே இல்லை. வட்டி, செயலாக்கக் கட்டணம் போன்ற வேறு பெயர்களில் வாடிக்கையாளரிடமே வசூலிக்கப்படுகிறது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்று வழங்கப்படும் நோ-காஸ்ட் தவணைகளில், விற்பனையாளர் வட்டிக்கு ஈடான தொகையை விலையில் தள்ளுபடி செய்கிறார். வட்டி தொடர்ந்து கணக்கிடப்படுகிறது. அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் வாடிக்கையாளரைச் சேர்கின்றன.

சாதாரணத் தவணையில் 25,000 ரூபாய் அட்டையை ஆண்டு வட்டி 15 விழுக்காட்டில் 12 மாதங்களுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 2,256 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2,077 ரூபாய். அதன் மீது வரி 374 ரூபாய். செயலாக்கக் கட்டணத்தைச் சேர்க்காமலே அட்டையின் விலை 27,450 ரூபாயைத் தாண்டுகிறது. கடன் அட்டையில் வாங்கிக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வருவது இதைக் காட்டிலும் பன்மடங்கு சுமை. பல கடன் அட்டைகளில் மாத வட்டி 3 விழுக்காட்டுக்கு மேல். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 36 விழுக்காட்டைக் கடக்கும்.

மாறாக, மாதம் 2,500 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால், பத்தாம் மாதம் 25,000 ரூபாயும் சிறிது வட்டியும் கையில் இருக்கும். அதற்குள் அட்டையின் விலை ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். ஆனால் பொழுதுபோக்குப் பொருளுக்காகக் கடன்படவில்லை என்னும் நிம்மதி உறுதி. அப்பத்து மாதங்களில் விளையாட்டு ஆர்வம் குறைந்துவிட்டால், சேமிப்பு வேறு நற்பணிக்கு உதவும்.

வாங்கிய பின் தொடரும் செலவுகள்

விளையாடும்போது கணினியும் திரையும் சேர்ந்து 250 வாட் எடுப்பதாகக் கொண்டால், நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மாதம் 15 யூனிட் செலவாகும். தனியே பார்த்தால் இது சிறு தொகை. கர்நாடக அரசின் கிருக ஜோதி திட்டத்தில் பயன்பெறும் குடும்பங்களோ கவனமாக இருக்க வேண்டும். மாதப் பயன்பாடு 200 யூனிட்டைத் தாண்டினால் அம்மாதத்துக்கான முழுக் கட்டணத்தையும் செலுத்த நேரும். 190 யூனிட் அளவில் உள்ள வீட்டுக்கு இந்த 15 யூனிட் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

இலவசம் எனக் கூறப்படும் விளையாட்டுகளுக்குள் ஆடை, ஆயுதம் முதலியவற்றை விற்கும் கடைகள் உள்ளன. பிள்ளைகள் விளையாடும் கணக்கில் பெற்றோரின் அட்டை விவரங்களைச் சேமித்து வைக்கக் கூடாது. இணையப் பரிவர்த்தனை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்தி வைக்கவும், அவற்றுக்கு வரம்பு விதிக்கவும் வங்கிச் செயலியிலேயே வசதி உண்டு. ஒரு நிமிடத்தில் முடியும் இப்பணி, மாத இறுதியில் எதிர்பாராத தொகையைக் காண்பதிலிருந்து காக்கும்.

முடிவெடுக்கும் வரிசை

விளையாட்டுகளை எழுதுக. திரையின் அளவையும் ஹெர்ட்ஸ் எண்ணையும் பார்க்க. ரேம் பலகையைச் சேர்த்தாலே போதுமா எனச் சோதிக்க. எஸ்.எம்.பி.எஸ்., பெட்டி, மதர்போர்டு, யூபிஎஸ் ஆகியவை எதை ஏற்கும் என அறிக. கையிலுள்ள சேமிப்பில் வரம்பை முடிவு செய்க. இவை அனைத்தையும் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்பவருக்கு, பொருந்தும் அட்டைகள் இரண்டோ மூன்றோதான் எஞ்சியிருக்கும். அவற்றுள் ஃபிரேமுக்கு விலை குறைந்ததைத் தேர்வது எளிது. மாலை நேர மகிழ்ச்சிக்காக வாங்கும் பொருள், குடும்பத்தின் மாதக் கணக்கைக் குலைக்காமல் இருந்தால்தான் அம்மகிழ்ச்சி நீடிக்கும்.